எதுவரைக்கும், ஆண்டவரே?

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

எங்கள் அப்பாயி ரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டபோது அவருக்குப் பதினோரு வயது. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்றும் குண்டு விழுந்தது. நம் ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். அப்பாயியின் தகப்பனார் காய்ச்சலில் கிடந்ததால் அந்தக் குடும்பம் கிளம்பவில்லை.

"அன்னைக்கு நாங்க யாரும் பாட்டுப் பாடலை. குழிக்குள்ள எங்க ஆத்தா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டே இருந்தா, 'எதுவரைக்கும் ஆண்டவரே'ன்னு" என்பார்.

சிறுவயதில் அது எனக்கு உறுத்தும். விசுவாசி முறுமுறுக்கக்கூடாது என்றல்லவா ஞாயிறு பள்ளியில் கற்றோம்! வளர்ந்த பிறகு 13ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசித்தேன். அந்தச் சிறிய ஜெபத்தில் இதே கேள்வி நான்கு தடவை வருகிறது. உள்ளே ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவன்தானே கதவைத் தட்டுவான்?

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, 2021 மே 24 அன்று, நம் மியான்மரின் காயா மாநிலத்தில், அதன் தலைநகரான லொய்கோவுக்கு அருகே, சண்டைக்குப் பயந்து கோவிலுக்குள் ஒதுங்கியிருந்தவர்கள்மேல் பீரங்கிக் குண்டு விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். 2023 நவம்பரில் லொய்கோ பேராலயத்தையே ராணுவம் பிடித்துக்கொண்டது. லொய்கோ ஆயர் செல்சோ பா ஷ்வே அகதியான தம் ஜனங்களோடு தாமும் அகதியானார். அவர் ஆறுதல் சொல்ல வெளியிலிருந்து வந்தவர் அல்ல, கூடவே வீடிழந்தவர். இதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

காச்சின் மாநிலத்தின் மிச்சினாவில் கன்னியாஸ்திரி ஆன் ரோஸ் நு தாங், போராட்டக்காரர்களைச் சுடவேண்டாம் என்று கெஞ்சி, துப்பாக்கிகளுக்கு முன்னால் மண்டியிட்டதை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். 2021 மார்ச் 8 அன்று அவர் எதிரே போலீஸ்காரர் இருவரும் மண்டியிட்டார்கள். ஆனாலும் அன்று துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அந்தப் படத்தைக் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய ஜெபம் அன்று குண்டை நிறுத்தவில்லை. அவர் ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிக்கப்பட்ட பிறகு எங்கள் சபையில் வாலிபர்கள் பெஞ்சு காலியாகிக்கொண்டே வருகிறது. சிலர் எல்லை தாண்டிவிட்டார்கள், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. போன ஞாயிறு ஜெபவேளையில் ஒரு தாய் எழுந்தார். நெடுநேரம் வார்த்தை வரவில்லை. பிறகு, எங்கள் அப்பாயியை அறியாத அந்த அம்மா, அதே கேள்வியைக் கேட்டார்.

சபை முழுவதும் "ஆமென்" என்றது.