கட்டிலோடு தொங்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். உறவினர் எவரையேனும் பார்க்க அரசாங்க வைத்தியசாலை விடுதிக்குப் போனவர்கள், கட்டிலோடு தொங்கும், நோயாளியின் விவரங்களை எழுதும் பெட் ஹெட் டிக்கெட்டைக் கண்டிருப்பீர்கள். விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெறுவோரைப் பற்றி இலங்கைச் சுகாதார அமைச்சு வெளியிடும் நோய்க் கணக்குகள் அந்தத் தாளில்தான் தொடங்குகின்றன. நோயாளிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் டிக்கெட் பதிவறைக்கு வருகிறது. வைத்தியர் இறுதியாக எழுதிய நோயின் பெயருக்கு அங்கே ஐ.சி.டி. 10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு இடப்பட்டு, காலாண்டுதோறும் அமைச்சுக்குப் போகிறது.

அப்படியொரு பதிவறையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எந்த வைத்தியசாலை என்பது இங்கே வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் ஓர் இளைஞனுடைய டிக்கெட் மேசைக்கு வந்தது. இரத்தத் தட்டுகள் நாளுக்கு நாள் இறங்கி மீண்டும் ஏறிய கணக்கு, மணிக்கு மணி குறித்த நீராகார அளவு, எல்லாமே டெங்கு என்றன. கடைசிப் பக்கத்திலோ 'காய்ச்சல்' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. வைத்தியர் எழுதாத நோயை எழுதுநர் எழுத முடியாது. ஆகவே அது ஆர் 50, அதாவது காரணம் தெரியாக் காய்ச்சல். டிக்கெட்டோடு மாடியேறினேன். "இதுக்காகவா ஐயா படியேறி வந்தனீங்கள்?" என்றார் இளம் வைத்தியர், பாதி பணிஸ் கையிலிருக்க.

வேடிக்கை என்னவென்றால், சந்தேகம் எழுந்த நாளிலேயே தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தில் அவர் டெங்கு என்று அறிவித்திருந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அந்த வீட்டுப் பூச்சாடிகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஒரே பையன், ஒரே அரசாங்கம். ஓர் ஏட்டில் டெங்கு, மற்றொன்றில் வெறும் காய்ச்சல். பிழை கணினியில் இல்லை. துண்டு வெட்டும் அவசரத்தில் எழுதப்படும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. அதை எழுதுபவருக்கு அது எங்கே போகிறது என்று எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதே என் நெடுநாள் மனக்குறை.

தனியார் துறையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கடிகாரம் விடுவதாக இல்லை. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு பெற்று, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். தொற்றுநோயை அறிவிக்கும் கடமை தனியார் வைத்தியருக்கும் உண்டு. ஆயினும் நான் சொன்ன காலாண்டுக் கணக்கு அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மட்டுமே உரியது. வெள்ளவத்தையில் மாலைதோறும் தனியார் வைத்தியரைப் பார்க்கச் சனலிங் இலக்கத்தோடு காத்திருப்பவர்கள் அதில் இல்லை.