குஞ்சுகளுக்கு மூலை வேண்டாம்

வணக்கம் உறவுகளே. பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில் இருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் கீச்கீச் சத்தம் முப்பது சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுடையது. வாங்கி வந்தபோது 34. மீதி நான்கும் கழிச்சலில் போகவில்லை, அம்மையிலும் போகவில்லை. என் கைவேலையில் போயின. அதைச் சொல்லத்தான் இந்தக் காணொளி.

முதலில் நான் வைத்திருந்தது சதுரமான அட்டைப்பெட்டி. ஆடிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக நம் முகத்துக்குத்தான். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. பல்பு அணைந்ததும் குளிர் தாங்காமல் எல்லாம் ஒரே மூலையில் ஏறிவிட்டன. ஒன்றின் மேல் ஒன்று. விடியற்காலை கையை விட்டுப் பிரித்தபோது அடியில் இருந்த நான்கும் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தன.

அமுச்சி, அதான் அம்மாவின் அம்மா, வந்து பெட்டியைப் பார்த்தார். "கோழி இறக்கையை விரித்தால் அதில் மூலை இருக்கிறதா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், அன்றைக்கே தகரம் வாங்கினேன். இதோ பாருங்கள், ஒன்றரை அடி உயரம், நான்கு அடி அகலத்தில் வட்டம். இப்போதும் குளிர்ந்தால் கூடத்தான் செய்யும், ஆனால் முட்டி நிற்க மூலை இல்லாததால் சுற்றி நகர்ந்துகொள்ளும். மின்சாரம் போனால் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணி சுற்றி உள்ளே வைக்கிறேன். கரிச்சட்டி வைப்பவர்கள் உண்டு. அடைத்த அறையில் அது புகையிலேயே கொன்றுவிடும், நான் வைப்பதில்லை.

பல்பைத் தொங்கவிட்டிருப்பது சங்கிலியில். மின்கம்பியிலேயே தொங்கவிடாதீர்கள். காற்றில் ஆடி உமி மேல் விழுந்தால் குஞ்சோடு சாளையும் எரியும். முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரம் மூன்று டிகிரி போல் குறைத்துக்கொண்டே வரவேண்டும். என்னிடம் வெப்பமானி இருக்கிறது, ஆனால் அதைவிடக் குஞ்சுகளைத்தான் நம்புகிறேன். பல்புக்கு அடியில் நெருக்கினால் குளிர்கிறது. தகரத்தை ஒட்டி ஒதுங்கி வாயைத் திறந்தால் சுடுகிறது. பரவலாகப் படுத்தால் நானும் போய்ப் படுக்கலாம்.

அடுத்தது கால். செய்தித்தாளைத் தரையில் விரிக்காதீர்கள். வழவழப்பில் கால் இரண்டும் விலகி, குஞ்சு தவளை மாதிரி அப்படியே படுத்துவிடும். இந்தக் குஞ்சுக்கு அப்படித்தான் ஆனது. கையில் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுங்கள், கேமரா நழுவுகிறது. ஆம். மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுப்பட்டையால் இரண்டு காலையும் ஓர் அங்குல இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இறுக்கினால் காலே வீங்கிவிடும். முதல் ஓரிரு நாளிலேயே கவனித்தால் பெரும்பாலும் நேராகும், எலும்பு முற்றியபின் கட்டிப் பயனில்லை. இப்போது தரையில் உமி போட்டு, அதன் மேல் நெளிநெளியான அட்டை விரித்திருக்கிறேன். உமியையே தீவனம் என்று கொத்தும், அதனால்தான் அட்டை. முதல் சில நாள் தீவனம் முட்டை வைக்கும் காகிதத் தட்டில். நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தத் தட்டுக்குப் பஞ்சமா?

தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து மூழ்காது.

காற்றைத் தடுக்கச் சணல் சாக்கும் கட்டினேன், அதிலும் ஒரு வினை. கிழிந்த நூல் ஒன்று ஒரு குஞ்சின் விரலைச் சுற்றி, பார்ப்பதற்குள் விரல் கறுத்துவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன், விரல் நுனி போய்விட்டது, நடக்கிறது. காற்றுக்குத் தடுப்பு வைக்கப் போய்க் காலுக்குக் கண்ணி வைத்திருக்கிறேன், பாருங்கள். இப்போது சாக்கின் ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறேன். மேலே மூடிய வலையில் எலி நுழையும் ஓட்டை இருக்கிறதா என்று தினமும் தடவிப் பார்க்கிறேன்.

பெரிய குஞ்சுகளைக் கொண்டுவந்து இவற்றோடு விடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், மிதித்துவிடும்.

சரி, இந்தக் கால்கட்டுக்காரனைத் திரும்ப விடுகிறேன். நாளை மாலை பட்டையை அவிழ்க்க வேண்டும். நிற்கிறானா என்று பார்ப்போம்.