பெயரை நம்பாதீர்கள், லகானைப் பாருங்கள்: ஹேக்கமோர் வகைகள்

[திரையில்: மூன்று குதிரைகளின் முகம், பக்கவாட்டுத் தோற்றம். மூன்றின் கீழும் "ஹேக்கமோர்" என்ற ஒரே எழுத்து.]

இந்த மூன்றுக்கும் கடைக்காரர் ஒரே பெயர்தான் சொல்வார்: ஹேக்கமோர். வாயில் அல்லாமல் மூக்கில் அழுத்திக் குதிரையை நடத்தும் தலைக்கட்டு. முதல் குதிரையின் மூக்கில் பதனிடாத தோலைப் பின்னிச் செய்த ஒரு வளையம். இரண்டாவதற்குக் கன்னத்தின் இருபுறமும் சாண் நீளத்துக்கு இரும்புக் கைகள் தொங்குகின்றன. மூன்றாவதில் ஒரு தோல் பட்டை, பக்கத்துக்கு ஒரு வளையம், அவ்வளவுதான்.

மூன்றிலும் குதிரையின் வாய்க்குள் பிட் என்னும் கடிவாள இரும்பு கிடையாது. ஒற்றுமை அத்தோடு முடிந்தது. பின்னல் வளையத்துக்குப் பழகிய குதிரைக்கு இரும்புக் கை வைத்ததை மாட்டி, அதே பலத்தில் லகானை இழுத்துப் பாருங்கள். தலையை வெடுக்கென்று மேலே தூக்கும். குதிரைக்குப் பிடிவாதம் என்று நாம் சொல்வோம். உண்மையில் அதன் மூக்கில் விழுந்த பலம் பல மடங்கு கூடியிருக்கும்.

அதனால் இந்த வீடியோவில் பெயரை ஒதுக்கிவைப்போம். லகானின் நுனி எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்போம். அங்கிருந்து கண்ணாலேயே அந்தப் பலத்தைப் பின்தொடர்ந்து போனால், அது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

[திரையில்: குதிரை மண்டையோடு. மூக்கெலும்பின் கூர்முனை நிறம் மாறித் தெரிகிறது.]

அதற்கு முன் மூக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் ஊரில் மூக்குக் கயிறு என்றதும் காளையின் மூக்கணாங்கயிறுதான் நினைவுக்கு வரும். அது மூக்கின் நடுத்தடுப்பைத் துளைத்துப் போகிறது. ஹேக்கமோர் எதையும் துளைப்பதில்லை, மூக்கின் மேல் உட்காருகிறது. எங்கே உட்காருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. குதிரையின் மூக்கெலும்பு கீழே போகப்போக ஒடுங்கி, நாசித்துளைக்குச் சற்று மேலே மெல்லிய கூர்முனையாக முடிகிறது. அதற்குக் கீழே வெறும் குருத்தெலும்பும் சதையும்தான். குதிரை வாயால் மூச்சு விடாது. மூக்கு ஒன்றுதான் அதற்கு வழி. பட்டையை அந்தக் குருத்தெலும்பில் இறக்கிக் கட்டினால் மூச்சைத்தான் பிடிக்கிறோம்.

விரலை மூக்கின் நடுவில் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே கீழே வாருங்கள். கெட்டியாக இருந்தது திடீரென்று அமுங்கும். பட்டை அதற்கு மேலேதான் இருக்கவேண்டும். எந்த வகை ஹேக்கமோர் ஆனாலும் இதில் மாற்றமில்லை.

[திரையில்: போசால் ஒன்று மேசையில். கேமரா மூக்குப் பகுதியிலிருந்து அடிமுடிச்சுவரை நகர்கிறது.]

சரி, முதல் வகைக்கு வருவோம். முதல் குதிரையின் மூக்கில் பார்த்த பின்னல் வளையம், அதன் பெயர் போசால். எனக்கு மிகவும் பிடித்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

இதைக் கொண்டு குதிரையைப் பழக்கும் முறை வளர்ந்தது கலிஃபோர்னியாவில். 1769 முதல் ஸ்பானியர்கள் அங்கே மிஷன் என்னும் கிறிஸ்தவ மதப்பணி நிலையங்களை நிறுவினார்கள். அவற்றின் மாட்டு மந்தைகளை மேய்த்த வக்கேரோ என்னும் குதிரைவீரர்கள் வளர்த்தெடுத்த பயிற்சிமுறை இது. ஸ்பெயினை ஆண்ட மூர்கள் என்னும் வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் காலத்திலிருந்து வந்த குதிரையேற்றம் மெக்சிகோ வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது.

போசால் மழைத்துளி வடிவத்தில் இருக்கும். மேலே மூக்கில் படும் இடம் சற்றுத் தடித்திருக்கும். இருபக்கமும் கன்னத்தை ஒட்டி இறங்கித் தாடைக்குக் கீழே ஒரு கனமான முடிச்சில் சேரும். அந்த முடிச்சுக்கு வேலை இருக்கிறது. லகானைத் தூக்கினால் முடிச்சு மேலே வரும், பக்கங்கள் தாடையெலும்பைத் தொடும். விட்டால் முடிச்சு தன் கனத்தாலேயே கீழே விழும், தாடையை விட்டு விலகும். அந்த விலகல்தான் குதிரைக்குக் கிடைக்கும் பரிசு. "நீ செய்தது சரி" என்று அதற்குச் சொல்வது இழுப்பு அல்ல, விடுவிப்பு.

[திரையில்: மெதுவேகத்தில் லகான் உயர்கிறது, முடிச்சு ஏறுகிறது, லகான் தளர்கிறது, முடிச்சு விழுகிறது.]

லகானாக இருப்பது மெக்காத்தே என்னும் கயிறு. குதிரை மயிரில் முறுக்கியது, வழக்கமாக 22 அடி நீளம். ஒரே கயிறுதான். அடிமுடிச்சுக்கு முன்னால் சில சுற்றுகள் சுற்றி, நடுப்பகுதியை லகானாக வளைத்து எடுத்து, மிச்சத்தைக் குதிரையைப் பிடித்து நடத்தும் கயிறாக விட்டுவிடுவார்கள். ஏறி உட்கார்ந்தவர் அந்த நுனியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொள்வார். சுற்றைக் கூட்டினால் போசால் இறுகும், குறைத்தால் தளரும். பிடரி மயிரில் செய்தது மிருதுவாக இருக்கும். வால் மயிரில் செய்தது குத்தும். கழுத்தில் அது லேசாக உரசும்போதே குதிரைக்குச் சேதி போய்விடும். மூக்கில் பலம் விழும்வரை அது காத்திருக்கவேண்டியதில்லை.

போசாலில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: இரண்டு லகானையும் ஒரே இழுப்பாக இழுத்துப் பிடிப்பது. குதிரை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். இழுபறி என்று வந்துவிட்டால் 450 கிலோ எடையுள்ள விலங்கோடு நாம் ஜெயிக்கமுடியாது. தொட்டதும் விட்டுவிடவேண்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். இடப்பக்கம் திரும்ப, இடது கையைக் கொஞ்சம் வெளியே அகட்டிக் காட்டினால் போதும்.

வக்கேரோக்கள் இளங்குதிரையை இதில் தொடங்கியதற்குப் பல்லும் ஒரு காரணம். குதிரைக்கு இரண்டரை வயது முதல் ஏறத்தாழ ஐந்து வயதுவரை பால்பல் விழுந்து நிரந்தரப் பல் முளைக்கும். ஈறு நொந்திருக்கும் அந்த வயதில் வாய்க்குள் இரும்பைப் போடாமல் மூக்கிலேயே பாடம் நடக்கும். முதலில் முக்கால் அங்குலமோ ஐந்தெட்டு அங்குலமோ தடிமனான போசால். அப்புறம் மெலிந்த போசாலோடு சேர்த்து ஸ்பேட் என்னும் வகைப் பிட்டையும் வாயில் மாட்டி, இரண்டு ஜோடி லகானோடு ஓட்டுவார்கள். கடைசியில் பிட்டில் மட்டும். இதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் அவசரக்காரர்களுக்கு இந்த முறை ஒத்துவருவதில்லை.

தலையைச் சுற்றிக் கழுத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கயிறு வந்து அடிமுடிச்சில் இணைந்திருந்தால் அது ஃபியடோர். போசால் ஆடிக் குதிக்காமல் பிடித்துக்கொள்ளும். டெக்சாஸ் பக்கத்து வழக்கம். கலிஃபோர்னியா பாணிக்காரர்கள் பெரும்பாலும் இதைப் போடமாட்டார்கள், முடிச்சு தானாக விழுவதை இது தடுக்கிறது என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

[திரையில்: இரண்டு கைகள் ஒரு போசாலை வளைத்துப் பார்க்கின்றன.]

வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். உள்ளே பதனிடாத தோல் இருந்தால் வளைந்து, மெல்லத் தன் வடிவுக்குத் திரும்பும், நாளடைவில் குதிரையின் முகத்துக்கு ஏற்ப அமையும். உள்ளே இரும்புக் கம்பிவடம் இருந்தால் விறைப்பாக நிற்கும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். தாடையெலும்பின் மேல் தோல் மிக மெல்லியது, அந்த விறைப்பு அதை உரசிப் புண்ணாக்கிவிடும்.

[திரையில்: சைட்புல். வளையத்தின்மேல் அம்புக்குறி.]

அடுத்தது சைட்புல். மூக்குப்பட்டையின் இரு பக்கங்களிலும் வளையம், அதில் லகான். இடது லகானை இழுத்தால் மூக்கு இடப்பக்கம் வரும். சொல்ல வேறொன்றும் இல்லை. புதிதாக ஏறக் கற்பவருக்கும் இளங்குதிரைக்கும் இதுதான் தெளிவாகப் புரியும். பட்டைக்குப் பதில் மெல்லிய முறுக்குக் கயிறு இருந்தால் மட்டும் கவனம், பலம் ஒரு கோட்டில் குவிந்துவிடும். சில ஊர்களில் இதையே ஜம்பிங் ஹேக்கமோர் என்று விற்கிறார்கள்.

[திரையில்: மெக்கானிக்கல் ஹேக்கமோர். நெம்புக்கை, தாடைச் சங்கிலி, மூக்குப்பட்டை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இப்போது இரும்புக் கைகள். மெக்கானிக்கல் ஹேக்கமோர். லகானின் நுனி மூக்கில் இல்லை, தொங்கும் கையின் அடியில் இருக்கிறது. இழுத்தால் கை பின்னால் வரும், மேல்நுனி முன்னால் சாயும், தாடைக்கு அடியில் சங்கிலி இறுகும், மூக்கு மேலிருந்து அமுங்கும், கன்னவார் வழியாகக் காதுக்குப் பின்னால் உச்சியிலும் அழுத்தம் விழும். கிடுக்கிப்பிடிதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரும்புக் கையின் நீளம், மூக்குப்பட்டை இணையும் இடத்துக்கு மேலே 5 சென்டிமீட்டர், கீழே 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். லகானில் 1 கிலோ பலம் கொடுத்தால், நெம்புகோல் கணக்குப்படி சங்கிலியிலும் உச்சிவாரிலும் சேர்த்து ஏறத்தாழ 3 கிலோ. இரண்டையும் தாங்குவது மூக்கு என்பதால் அங்கே ஏறத்தாழ 4 கிலோ. கோணம் மாறினால் எண் மாறும், ஆனால் போக்கு இதுதான். பிட் இல்லை, ஆகவே வலி இல்லை என்ற விளம்பரத்தை நான் நம்பாததற்குக் காரணம் இந்தக் கணக்கு.

இதற்குள்ளும் சில வகைகள். நீண்ட கைகள் இருந்தால் ஜெர்மன் என்பார்கள், பலம் மிக அதிகம். குட்டையான கையும் அகலமான மெத்தைப்பட்டையும் இருந்தால் இங்கிலீஷ். எஸ் வடிவத்தில் குட்டையாக வளைந்திருந்தால் லிட்டில் எஸ், பீப்பாய்களைச் சுற்றி ஓடும் பேரல் ரேஸ்காரர்கள் விரும்புவது. பூப்போலவோ சக்கரம்போலவோ வட்டமாக இருந்தால் ஃப்ளவர் ஹேக்கமோர். எந்த ஓட்டையில் லகானை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும், பொதுவாக மற்றவற்றைவிடச் சாது.

இவற்றை ஒரேயடியாகக் கெட்டவை என்று தள்ளவும் மாட்டேன். பக்குவமான கையில் நன்றாகவே வேலை செய்யும். அயர்லாந்தின் தடைதாண்டும் குதிரைவீரர் எடி மெக்கன் தன் பூமராங் குதிரையை ஹேக்கமோரில்தான் ஓட்டினார். 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை ஹிக்ஸ்டெட் டெர்பி என்னும் இங்கிலாந்தின் தடைதாண்டும் போட்டியில் வென்ற ஜோடி அது. ஆனால் நிறுத்துவதற்கு இது எவ்வளவு கெட்டியோ, திருப்புவதற்கு அவ்வளவு மந்தம். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பட்டை முகத்தில் கோணலாகத் திருகும், சேதி குழம்பும். உடம்பின் எடைக்கும் கழுத்தில் படும் லகானுக்கும் திரும்பத் தெரியாத குதிரைக்கு இதை மாட்டாதீர்கள்.

[திரையில்: குதிரையின் தாடையைக் கீழிருந்து எடுத்த படம். வார்கள் எக்ஸ் வடிவில் குறுக்கிடுகின்றன.]

பக்கவாட்டில் பார்த்தால் ஏமாந்துபோகிற ஒன்று இது: கிராஸ்-அண்டர், குறுக்குவார் கடிவாளம். சைட்புல் மாதிரியே தெரியும். அடியில் குனிந்து பார்த்தால் வார்கள் குறுக்கே போகின்றன. இடது லகான் வளையத்துக்குள் நுழைந்து, தாடைக்கு அடியில் வலப்பக்கம் போய், வலக்கன்னம் வழியாக உச்சிக்கு ஏறுகிறது. ஆக, இடது கை இழுத்தால் வலக்கன்னத்தைத் தள்ளும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த ராபர்ட் குக் இதைப் பரவலாக்கினார். தலை முழுவதும் அழுத்தம் பரவுவது இதன் நன்மை. வார்கள் உரசி நிற்பதால் விடுவிப்பு சற்றுத் தாமதமாக வருவது குறை.

வார்கள் குறுக்கே போகாமல் தாடைக்கு அடியில் நேராக ஒரே பட்டை ஓடி, அதன் இரு நுனிகளும் வளையங்கள் வழியாக வெளியே வந்து லகானில் சேர்ந்தால், அது ஸ்காப்ரிக். எளிமையானது, அதிகம் கண்ணில் படாது.

மூக்குப்பட்டைக்குள் வளைந்த இரும்பும் அதில் பல்பல்லாக விளிம்பும் இருந்தால் ஸ்பெயினின் செரெட்டா. அதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மூக்குப்பட்டையும் இருக்கிறது, வாய்க்குள் பிட்டும் இருக்கிறது என்றால் அது கூட்டுக் கடிவாளம். விற்பவர் ஹேக்கமோர் என்று சொன்னாலும் இந்தப் பட்டியலில் சேராது.

[திரையில்: போட்டி மைதானம்.]

போட்டிக்குப் போகிறவர்களுக்கு: உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரெஸ்ஸாஜ் போட்டிகளில், அதாவது குதிரையின் நடையையும் அசைவையும் காட்டும் போட்டிகளில், பிட் இல்லாத எதற்கும் இடமில்லை. தடைதாண்டுதலில் உண்டு. குவார்ட்டர் ஹார்ஸ் என்னும் குதிரை இனத்துக்கான அமெரிக்கச் சங்கத்தின் பெரும்பாலான வெஸ்டர்ன் (கௌபாய் பாணி) பிரிவுகளில் ஹேக்கமோர் என்றாலே போசால்தான்: ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குதிரைகளுக்கு, கன்னப்பக்கத் தடிமன் முக்கால் அங்குலத்துக்கு மேல் போகாமல், உள்ளே இரும்பில்லாமல், மூக்குக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியோடு.

[திரையில்: கைபேசியில் விற்பனை விளம்பரம். ஒரே ஒரு பக்கவாட்டுப் படம்.]

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், குதிரையின் முகத்தில் மாட்டிய நிலையில் மூன்று படம் கேட்டு வாங்குங்கள்: பக்கவாட்டில் ஒன்று, லகானை இழுத்துப் பிடித்தபடி ஒன்று, தாடைக்கு அடியிலிருந்து ஒன்று. முதல் படத்தில் நெம்புக்கை இருக்கிறதா என்று தெரியும். இரண்டாவதில் எது நகர்கிறது என்று தெரியும். மூன்றாவதில் சங்கிலியா, குறுக்கு வாரா, முடிச்சா என்று தெரியும். அடிப்பக்கப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கவேண்டாம்.