ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்ப

நேயர்களுக்கு வணக்கம். ஏரிக்கரைகளையும் ஊரையொட்டிய இயற்கைப் பூங்காக்களையும் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எந்த ஏரி அழகு, எங்கே படகு விடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு ஏரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். பத்து ஏரியை ஒருமுறை பார்ப்பதைவிட ஒரு ஏரியைப் பத்து முறை பார்க்கிறவருக்குத்தான் ஏரி பிடிபடும்.

நான் போகிற ஏரி பேர்போன இடம் கிடையாது. கட்டுமானத்துக்காகச் சரளைக்கல் தோண்டினார்கள். தோண்டி முடித்த பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறி நின்றது. சுற்றிவர ஒரு மணி நேரம் ஆகும். கரையெல்லாம் நாணல், ஒரு பக்கம் மட்டும் மரங்கள். அவ்வளவுதான். ஆனால் எத்தனையோ வருடமாகப் போகிறேன், இன்னும் பார்த்துத் தீரவில்லை.

இப்படி அடிக்கடி போய்வரத்தான் 'கன்ட்ரி பார்க்', அதாவது ஊரையொட்டிய இயற்கைப் பூங்கா என்ற ஏற்பாடே வந்தது. பிரிட்டனில் திறந்தவெளியில் நடக்கும் உரிமையே போராடிப் பெற்ற ஒன்று. 1932இல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலைமேட்டில், வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலத்துக்குள் சில நூறு தொழிலாளிகள் வேண்டுமென்றே ஏறி நடந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பிறகு தேசியப் பூங்காக்கள் வந்தன. ஆனால் அவை பலருக்குத் தொலைவு. காலையில் நினைத்து மதியம் போய்வர முடியாது. அதனால்தான் 1968இல் வந்த கிராமப்புறச் சட்டம், நகரங்களுக்கு அருகிலேயே இப்படிப் பூங்காக்கள் அமைக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஹாங்காங் 1976இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருடமே முதல் பூங்காக்களை அறிவித்தார்கள். குடிநீர்த் தேக்கங்களைச் சுற்றியிருந்த மலைக்காடுகளும் அவற்றில் அடக்கம். அவ்வளவு நெருக்கடியான ஊரில் இன்று ஏறக்குறைய 40 சதவீத நிலம் இப்படிக் காக்கப்படுகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, திரும்பத் திரும்பப் போனால் என்ன கிடைக்கும்? கொண்டை முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவையைச் சொல்கிறேன். வாத்தைவிட ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கழுத்து, தலையில் இரண்டாகப் பிரிந்த கறுப்புக் கொண்டை, கன்னத்தில் செம்பழுப்புச் சிலிர்ப்பு. வசந்தத்தின் தொடக்கத்தில் போனால் ஆணும் பெண்ணும் எதிரெதிரே மிதந்து தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். திடீரென்று இரண்டும் முங்கும். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஒன்றும் இருக்காது. அப்புறம் அலகில் பாசிக்கொத்தோடு மேலே வந்து, நெஞ்சோடு நெஞ்சு உரச, தண்ணீரில் எழுந்து நிற்கும். காலால் தண்ணீரை மிதித்துத்தான் அப்படி நிற்கின்றன. சில நொடிதான். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1912 வசந்தத்தில் ஒரு விடுமுறையை டிரிங் என்ற ஊரின் நீர்த்தேக்கக் கரையில் இந்தப் பறவையைப் பார்த்தே கழித்தார். பறவைகளின் நடத்தை ஆய்வில் அடிக்கல்லாக நிற்கும் 1914ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த விடுமுறையில் பிறந்ததுதான்.

அவர் பார்த்த காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்பு அந்தப் பறவை இங்கிலாந்தில் அழியும் நிலையில் இருந்தது. அதன் நெஞ்சுத் தோலை, மென்மையான வெள்ளை இறகோடு உரித்து, பெண்களின் தொப்பிக்கும், கைகளை நுழைத்துச் சூடாக வைத்துக்கொள்ளும் உறைக்கும் வைத்துத் தைத்தார்கள். பிறகு சட்டங்கள் வந்தன, எண்ணிக்கை ஏறியது. அந்த ஏற்றத்துக்கு உதவியவற்றில் ஒன்று என்ன தெரியுமா? என்னுடைய ஏரியைப் போன்ற சரளைப் பள்ளங்கள்தான். மனிதன் தோண்டிவிட்டுப் போன குழியில் பறவை குடிவந்தது. கரையில் உட்கார்ந்து அதை நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அதன் கூடு மிதக்கும் கூடு. நாணல் தண்டோடு சேர்த்து அழுகிய செடிகளைக் குவித்துக் கட்டியிருக்கும். அவ்விடத்தில் படகை வேகமாக விட்டால் எழும் அலை கூட்டுக்குள் ஏறிவிடும். ஆள் நெருங்கினால் பறவை ஈரப்பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டு நழுவும். நீங்கள் தள்ளிப்போகும்வரை அது திரும்பாது, முட்டை குளிர்ந்துபோகும். அதனால் துடுப்புப் படகில் போகிறவர்கள் தயவுசெய்து நாணலை விட்டு விலகியே போங்கள். நாயை அழைத்துப் போனால் கூடு கட்டும் மாதங்களில் வாரைக் கழற்றாதீர்கள். 'இங்கே நெருங்காதீர்' என்று பலகை வைத்திருந்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு கூடு இருக்கும்.

இனி தண்ணீரைப் பற்றி. ஏரி மேலே பார்க்க ஒரே பரப்பு. கோடையில் ஆழமான ஏரியின் உள்ளே இரண்டு ஏரிகள் இருக்கின்றன. வெயிலில் சூடான நீர் லேசாகி மேலே மிதக்கும், கீழே பழைய குளிர்நீர் அசையாமல் கிடக்கும். காற்று ஒரு பக்கமாகத் தொடர்ந்து வீசினால் மேல்நீர் எதிர்க்கரைக்கு ஒதுங்கி, காற்று புறப்படும் கரையில் குளிர்நீர் எழும்பும். ஒரே நாளில் ஒரு கரை வெதுவெதுப்பாகவும் இன்னொரு கரை சில்லென்றும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மே மாதக் கடைசியில் ஒரு நாள் நல்ல வெயில். நீந்த அனுமதி உள்ள இடம்தான், போன கோடையில் பலமுறை நீந்திய கரைதான். யோசிக்காமல் குதித்தேன். நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே உள்ளே இழுத்ததே தவிர, கத்த ஒரு சொல் வரவில்லை. கரையில் நின்ற நண்பர் நான் விளையாடுவதாகவே நினைத்தார். மல்லாந்து படுத்து, காதுவரை நீரில் வைத்து மிதந்ததால் பிழைத்தேன். ஓரிரு நிமிடத்தில் மூச்சு அடங்கியது.

15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள நீர் உடம்பை இப்படித் தாக்கும். வெயிலின் சூடு வேறு, தண்ணீரின் சூடு வேறு. நீச்சல் தெரிந்தவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள். மெதுவாக இறங்குங்கள், முகத்தையும் கழுத்தையும் முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். தவறி விழுந்தால் நீந்த முயலாமல் முதலில் மிதந்திருங்கள். தோண்டிய பள்ளங்களில் இன்னொரு ஆபத்து உண்டு: கரையிலிருந்து இரண்டடி வைத்தால் தரையே இருக்காது. மூழ்குகிறவர் பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. குழந்தைகள் தண்ணீர் அருகில் இருக்கும்போது கண்ணைக் கைபேசியில் வைக்காதீர்கள். கோடை முடிவில் கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் ஆடை படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். நாய் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து, நீங்களும் இறங்க வேண்டாம்.

ஏரியை ஆராய்வதற்கென்றே ஒரு அறிவியலைத் தொடங்கி வைத்தவர் பிரான்சுவா ஃபோரல். 1841இல் ஜெனீவா ஏரிக்கரையில் மோர்ஷ் என்ற ஊரில் பிறந்தவர். தொட்டியில் தண்ணீர் தளும்புவதைப் போல அந்தப் பேரேரியே முனைக்கு முனை தளும்புவதை அவர் கரையில் நின்று அளந்தார். கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க அவர் பார்த்தது பிறந்த ஊரின் முன்னால் கிடந்த அந்த ஓர் ஏரியைத்தான்.

இலையுதிர்காலத்தில் விடியற்காலையில் ஒருமுறை போங்கள். குளிர்ந்த காற்று இன்னும் சூடு ஆறாத நீரைத் தொடும் இடமெல்லாம் மூடுபனி எழும். அந்த வாரங்களில்தான் மேல்நீரும் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, கோடை முழுக்கப் பிரிந்திருந்த இரண்டு நீரும் கலந்து, அடியில் கிடக்கும் உயிர்களுக்கு மீண்டும் காற்று போய்ச் சேர்கிறது. வெளியே ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். முக்குளிப்பான் கொண்டையை உதிர்த்துவிட்டு, அடையாளம் தெரியாத சாம்பல் பறவையாகத் தனியே மிதந்துகொண்டிருக்கும். கோடையில் அதன் முதுகில் ஏறி, இறகுக்குள்ளிருந்து வரிவரித் தலையை நீட்டிப் பார்த்த குஞ்சு, இப்போது கொஞ்ச தூரத்தில் தானே முங்கி மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.