கைப்பிடி அரிசி

நேயர்களுக்கு அன்பான வணக்கம். இந்த நேரத்தில் உங்களில் பலர் அடுக்களையில் நின்றுகொண்டுதான் வானொலி கேட்பீர்கள். நல்லது, நான் பேசப்போவதும் அடுக்களையைப் பற்றித்தான். கிறிஸ்தவ விசுவாசத்தை இந்தக் காலத்து வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று பேசச் சொன்னார்கள். எனக்கு அது அரிசிப் பானையில் தொடங்குகிறது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசி தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் கோவிலுக்குப் போகும். அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதில்லை. வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் முன்னாலேயே அந்தப் பிடி போய்விடும். முதலில் அது, அப்புறம்தான் நாம்.

ஒரு பிடி அரிசியில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். இன்றைய மிசோரம் மாநிலத்தில் 1910-ல் சபைப் பெண்கள் இதே பழக்கத்தைத் தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் விடவில்லை. இன்று அந்தப் பிடி அரிசி வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாக ஊழியத்துக்குப் போகிறது. நம் ஊர்க் கதையையும் பாருங்கள். 1903-ல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்கு முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். பெரிய பணக்காரர்களை நம்பி ஆரம்பித்த வேலை இல்லை இது.

சரி, எங்கள் அம்மாவின் கலயத்துக்கு வருகிறேன். வாய் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். மூடி ஒரு சிரட்டை. வண்டு விழாமல் இருக்க உள்ளே நாலு காய்ந்த மிளகாய். அம்மா பிடி அரிசியைப் போடும்போது வாய்க்குள் ஏதோ சொல்வார்கள். ஜெபமாகத்தான் இருக்கும், எனக்குக் கேட்டதில்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம். நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அரிசி டின்னின் அடி தெரிந்துவிட்டது. கலயம் மட்டும் நிறைந்திருந்தது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோக. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை வந்து, "மைனி, ரெண்டு உழக்கு அரிசி இருந்தா தாங்க, திங்கக்கிழமை தந்துருதேன்" என்றார்கள். நான் கலயத்தைக் காட்டினேன். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டின்னைச் சாய்த்து, உழக்கை உள்ளே விட்டு, தகரம் கரகரவென்று சத்தம் போட வழித்து, இரண்டு உழக்கு அளந்து கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி எங்களுக்குக் கஞ்சிதான். எனக்குக் கோபம். "கலயத்துல இருந்து கொடுத்திருக்கலாம்லா? அதுவும் தர்மந்தானே?" என்று கேட்டேன். அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஏட்டி, அது கொடுத்தாச்சு. கொடுத்ததை எடுத்து இன்னொரு தரம் கொடுத்தா, அது யாரு தர்மம்?"

எனக்கு இது விளங்க முப்பது வருஷம் ஆயிற்று. கடவுளுக்கு ஒதுக்கிவிட்டோம், நம் கடமை தீர்ந்தது, மிச்சமெல்லாம் நம் இஷ்டம் என்று நினைக்கிறோம். அம்மாவுக்கு அப்படி இல்லை. கலயத்தில் இருந்தது ஆண்டவருக்குக் கொடுத்தாயிற்று. டின்னில் இருந்ததற்கும் அவரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். மாற்கு சுவிசேஷத்தில் கொர்பான் என்று ஒரு சொல் வருகிறது, கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு உதவ வேண்டியதைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று பெற்றோரிடம் கைவிரிப்பவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். காணிக்கையைக் காட்டி மனுஷனைத் தட்டிக்கழிக்க முடியாது.

நானே அதைச் செய்திருக்கிறேன். ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகையில், சபையார் படைத்த விளைச்சலைக் கோவிலுக்காக விடும் ஏலத்தில், ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்கு எடுத்தேன். சபையே கைதட்டியது. அந்த மாதம் கையைக் கடித்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம், "சம்பளம் அஞ்சாம் தேதிக்கு மேல தாரேன், கோவிலுக்குக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பிள்ளைக்கு பீஸ் கட்டணும்மா, அதான் பார்த்தேன்" என்றார்கள். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்று லேவியராகமத்தில் இருக்கிறது. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த வசனம். அன்றைக்கே கடன் வாங்கிச் சம்பளத்தைக் கொடுத்தேன். அந்தப் பூசணிக்காய் யாருடைய காசில் வந்தது என்று எனக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

இப்போது காணிக்கைப் பைக்குப் பக்கத்திலேயே கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். அதில் குற்றமில்லை. நானும் போனில்தான் அனுப்புகிறேன். ஆனால் எந்தத் தேதியில் அனுப்புகிறோம் என்பதைப் பாருங்கள். சம்பளம் வந்த அன்றைக்கா, மாசக் கடைசியில் மிஞ்சினாலா? வேலைக்காரர் சம்பளம், ஊரில் இருக்கிற அப்பா அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். முதலிலா, மிச்சத்திலா?

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். போனில் வருவதை விசாரிக்காமல் நாலு பேருக்கு அனுப்புவதும் பொய்ச்சாட்சிதான் என்று விரிவாகப் பேச வைத்திருந்தேன், முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. என் மகள் சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிறு ஷிப்ட் வரும். ஆராதனைக்குப் போகணும், விடுங்கள் என்று சண்டை போடலாம். ஆனால் அவள் தன்னோடு வேலை பார்ப்பவர்களிடம், "உங்க பண்டிகைக்கு நான் வாரேன், என் ஞாயித்துக்கிழமையை நீங்க பாருங்க" என்று பேசிவைத்திருக்கிறாள். போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி முழுக்க அவள் ஆபீசில்தான் இருந்தாள். அந்த நாற்காலியில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை விடியற்காலம் ஊரில் தன் அம்மா கையால் எண்ணெய் தேய்த்துக் குளித்ததாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதை எனக்கும் அனுப்பினாள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வணக்கம்.