டெல்லியிலிருந்து டோக்கியோ: போகும் நேரம், வரும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். விமானச் சீட்டில் போட்டிருக்கும் நேரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டெல்லி விமான நிலையம், டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம், இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டெல்லியில் இரவு 8 மணிக்கு ஏறினால் ஏறக்குறைய மறுநாள் காலை 7.15-க்கு டோக்கியோவில் இறங்கலாம். திரும்பும்போது காலை 11 மணிக்குக் கிளம்பினால் மாலை 5.15 வாக்கில் டெல்லி. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போக 11 மணி நேரத்துக்கு மேல், வர ஆறேகால் மணி நேரம். உண்மை நேர்மாறானது. ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைச் சரிசெய்து பார்த்தால் போவதற்கு ஏழே முக்கால் மணி, வருவதற்கு ஒன்பதே முக்கால் மணி ஆகும்.

தூரம் என்னவோ ஒன்றுதான். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 5,850 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் அந்த நூல் திபெத் பீடபூமியின் மேல் போகிறது. நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி உடனே 10,000 அடி உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம்! பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜனும் சில நிமிடங்களுக்குத்தான். அதனால் விமானங்கள் பெரும்பாலும் இமயத்துக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் போய், மியான்மர், தென்மேற்குச் சீனா வழியாக வடகிழக்கே திரும்புகின்றன. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், மேலேறி இறங்குவதும் சேர்ந்து மீதி நேரத்தைத் தின்றுவிடும்.

சரி, வரும்போது ஏன் இரண்டு மணி நேரம் கூடுதல்? காற்றுதான் காரணம். கிழக்காசியாவுக்கு மேலே, விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேல் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. அவ்வளவு வேண்டாம், 150 என்றே வைப்போம். 3,000 கிலோமீட்டர் தூரத்தைக் காற்றோடு போனால் 2 மணி 51 நிமிடத்தில் கடக்கலாம். எதிர்த்து வந்தால் 4 மணி நேரம்.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானியரான வசாபுரோ ஓயிஷி. தடேனோ ஆய்வகத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு 1920-களில் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அறிக்கையை, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெரான்டோ மொழியில் எழுதினார். பாவம், அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 1944-இன் கடைசியில் ஜப்பான் மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அதே காற்றில் மாட்டிக் குறி தவறின.

இன்னொன்று. விமானச் சீட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கிற நேரம் மட்டும் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை கணக்கு. தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். சீக்கிரம் வந்துவிட்டோம் என்று அறிவிக்கும்போது நான் அவ்வளவாகக் கைதட்டுவதில்லை.

கோடையில் இந்தக் காற்று வலுவிழந்து வடக்கே நகர்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போக்குக்கும் வரத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையும். ஜனவரியில்தான் அது நன்றாகத் தெரியும். நன்றி, வணக்கம்.