படிக்க வருகிற வயது எதுவானாலும் வாசல் திறக்கட்டும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கல்லூரி நிர்வாகிகளே, தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

முப்பத்தைந்து வயதில் படிக்க வருபவரைப் பார்த்து "உனக்கு ஏன் இது" என்று எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. ஆனால் முகப்பு அலுவலகத்தை மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுகிறார்கள். விண்ணப்பப் பாரத்தின் முதல் கேள்வியே எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவுதான். வந்தவர் திரும்பிப் போய்விடுகிறார்.

வேலை அனுபவத்தைக் கொண்டு சேர்வதற்கு எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை 'ஏப்பெல் ஏ' என்ற வழியை வகுத்திருக்கிறது. சான்றிதழ்க் கல்விக்கு 19 வயது, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைக்கு 21, முதுகலைக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். படிக்கப் போகும் துறைக்குப் பொருத்தமான அனுபவமும் வேண்டும். திறனறித் தேர்வு எழுதுவதோடு அனுபவக் கோப்பு ஒன்றும் ஒப்படைக்க வேண்டும். சேர்ந்த பிறகு, வேலையிலேயே கற்றுக்கொண்ட பாடத்துக்கு 'ஏப்பெல் சி' வழியாக விலக்குக் கேட்கலாம். பட்டத்துக்கான மொத்தக் கிரெடிட்டில், அதாவது பாட மதிப்பலகுகளில், அதிகபட்சம் 30 விழுக்காடு வரை கிடைக்கும். வாகனப் பட்டறையிலோ மின்சார வேலையிலோ இருப்பவர்கள் முன்பே பெற்ற திறனை அங்கீகரிக்கும் பி.பி.டி. முறையில் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் தடுக்கி விழும் இடம் அந்த அனுபவக் கோப்புதான். தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர், "பால் நிறுத்தேன், பத்து வருடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அவர் செய்த வேலை என்ன? ஒவ்வொருவர் வாளியையும் நிறுத்தார். மாதிரிப் பாலில் தண்ணீர் கலந்து மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்கவிட்டு அளவு பார்த்தார். அதை வைத்து உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்குதான் சம்பளத்துக்கு அடிப்படை. விழுக்காட்டுக் கணக்கு, அளவுக் கருவி, பதிவேடு, தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் பக்குவம் அத்தனையும் அதில் இருக்கிறது. என்ன செய்தேன், அதில் என்ன கற்றேன், அதற்கு என்ன ஆதாரம் என்று மூன்று பத்திகளாக எழுதினால்தான் மதிப்பிடுபவருக்கு அது தெரியும்.

ஆதாரத்திலும் சிக்கல் உண்டு. முதலாளி தரும் கடிதத்தில் பெரும்பாலும் ஆண்டுகள் மட்டுமே இருக்கும், செய்த பணி இருக்காது. பணி விவரத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். தோட்டம் கைமாறிவிட்டதா, பழைய நிர்வாகமே இல்லையா? இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியின் சந்தா அறிக்கை, சம்பளச் சீட்டு, குறும்பயிற்சிச் சான்றிதழ், அந்நாளைய தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் கடிதம் எல்லாவற்றையும் சேருங்கள். கல்லூரிகள் சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியரை இதற்கென்றே உட்கார வைக்கலாம். பெரிய செலவில்லை; இதைச் செய்யாத கல்லூரி 'ஏப்பெல்' விளம்பரப் பதாகை கட்டிப் பயனில்லை.

அடுத்து நேரம். பால் மரம் சீவுகிறவருக்கு விடியுமுன் வேலை தொடங்குகிறது. இரவு பத்து மணி வரை வகுப்பில் உட்கார முடியாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருப்பவருக்கு ஏழு மணி வகுப்பு எட்டாது. ஒரே பாடத்தை மாலையில் ஒரு முறையும் ஞாயிறு காலையில் ஒரு முறையும் நடத்தினால் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார். தவணை முழுவதற்குமான அட்டவணையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். அதைக் காட்டித்தான் அவர் மேற்பார்வையாளரிடம் ஷிப்ட் மாற்றம் கேட்க முடியும். குழந்தையோடு வரும் தாய்மாருக்கு ஓர் அறை வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை இருந்ததே!

கட்டணம் மாதம் முதல் தேதி என்று வைக்காதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளம் தர ஏழாம் தேதி வரை அவகாசம் உண்டு. பத்தாம் தேதி வைத்தால் பாதிப் பேருக்கு அபராதமே வராது. இ.பி.எஃப்.பில் கல்விக்காக எடுக்க நினைப்பவர்கள் அதன் உட்பிரிவான செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். அதற்குரிய கல்லூரிக் கடிதம் தாமதமானால் பணமும் தாமதமாகும். கடிதத்தை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரியவர்கள் படிப்பை விடும்போது சொல்லிவிட்டுப் போவதில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள், ஷிப்ட் மாறியிருக்கும், வருவது நின்றுவிடும். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வரவில்லையென்றால் யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுங்கள். ஒரு தவணை ஒத்திவைக்கும் பாரம் ஒரே பக்கமாக இருக்கட்டும், அதைக் கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்ப முடியட்டும், திரும்பி வரும்போது பதிவுக் கட்டணம் மறுபடி கேட்காதீர்கள்.